போர் நடந்த ஊர்களுக்கு ஆளனுப்பும் துறவற சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய சபைத் தலைவியரே, தலைவர்களே, மறைமாவட்ட மறைபரப்புப் பணிக்குழுச் செயலர்களே,

வணக்கம். போர் நடந்த பகுதிகளிலும் இன்னும் நடந்துகொண்டிருக்கிற பகுதிகளிலும் உங்கள் பள்ளிகள், மருந்தகங்கள், பங்குகளில் (ஆலயத்தைச் சுற்றிய இறைமக்கள் வட்டாரங்களில்) வேலை செய்கிறவர்களும், அங்கே போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மூன்றாண்டுத் திட்டத்துக்கென்று ஆளனுப்புவதை நிறுத்துங்கள். அங்கேயே தங்குவதற்கு ஆளனுப்புங்கள். இனி எழுதுவதெல்லாம் அதற்கான காரணங்கள், அப்படித் தங்குகிறவர் என்னென்ன செய்ய வேண்டும் என்கிற விவரங்கள்.

இப்போதைய நடைமுறை உங்களுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கு ஒரு கோப்பு, மருந்தகத்துக்கு ஒரு கோப்பு, பங்குக்கு ஒரு கோப்பு. நன்கொடையாளர்கள் வேறு வேறு, அறிக்கைகள் வேறு வேறு. இரவெல்லாம் வெடிச்சத்தம் கேட்டு விழித்துக் கிடந்த பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கிவிடுகிறது. ஆசிரியர் 'கவனமில்லை' என்று எழுதுகிறார். அதே பிள்ளை தலைவலி, வயிற்றுவலி என்று மருந்தகத்துக்கு வருகிறது. பாராசிட்டமால் கொடுத்து அனுப்புகிறார்கள். ஞாயிறு மறைக்கல்வியில் 'எங்கப்பாவைக் கடவுள் ஏன் காப்பாத்தல?' என்று கேட்கிறது. மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர் அதட்டி உட்கார வைக்கிறார். மூவரும் பார்த்தது ஒரே பிள்ளையை. ஆனால் மூவரும் வாரத்தில் ஒருநாள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேச ஏற்பாடு கிடையாது. அந்த மேசையைப் போடுவதற்குப் பணம் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் அறிந்த ஆட்கள் தேவை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மோதல் நடந்த பகுதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு ஏதேனும் இருக்கிறது. கடுமையான நிலையில் இருப்போர் ஏறத்தாழ 5 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்த்ததும் 'மனநல மருத்துவர் வேண்டும்' என்று பதறுகிறவர்கள் உண்டு. வேண்டும்தான், ஆனால் எல்லோருக்கும் அல்ல. அவசரகால மனநலப் பணிக்கு ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் 2007-இல் வகுத்த நெறிமுறை இதை நான்கு அடுக்குகளாகப் பிரிக்கிறது. அடியில் பாதுகாப்பு, உணவு, தண்ணீர், உறைவிடம். அதன்மேல் குடும்பமும் சமூகமும்: பள்ளி, வழிபாடு, இறுதிச் சடங்கு, பெண்கள் கூடும் இடம். மூன்றாவது, பயிற்சி பெற்ற ஆசிரியரோ செவிலியரோ கொடுக்கும் நேரடி உதவி. உச்சியில்தான் சிறப்பு மருத்துவம். மக்களில் பெரும்பாலோர் கீழிரண்டு அடுக்குகளிலேயே தேறிவிடுவார்கள். அந்த இரண்டும் பங்கு, பள்ளி, மருந்தகம் என்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கையில் இருப்பதைச் சரியாக நடத்தாமல், உச்சி அடுக்கைப் பயிலரங்கு வடிவில் வாங்கிக்கொண்டு வருவதுதான் இன்று நாங்கள் அதிகம் காணும் தவறு.

அந்தப் பயிலரங்குகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வருவார். பிள்ளைகளுக்குக் காகிதமும் வண்ணக்குச்சியும் கொடுத்து, 'உன் வாழ்க்கையின் மிக மோசமான நாளை வரை' என்பார். எரியும் வீடும் ஹெலிகாப்டரும் விழுந்து கிடக்கும் அம்மாவும் காகிதத்தில் வரும். சில பிள்ளைகள் அழும், சில விறைத்துப் போகும். படங்கள் அறிக்கைக்குப் போகும். சனிக்கிழமை அவர் புறப்பட்டுவிடுவார். ஞாயிறு இரவு விடுதியில் நனையும் படுக்கைகளைத் துவைப்பது விடுதிச் சகோதரிதான். நடந்ததை ஒரே அமர்வில் முழுவதுமாகச் சொல்ல வைக்கும் முறையை, அண்மையில் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களிடம் கையாளக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டுகிறது. அது பயன் தருவதில்லை, சிலருக்குக் கேடும் செய்கிறது. ஆகவே முதல் வேலையாக, உங்கள் பள்ளிகளில் யாரும் எந்தப் பிள்ளையிடமும் போர்க்கதை கேட்கக் கூடாது என்று எழுத்தில் ஆணையிடுங்கள். நன்கொடையாளர் வந்தாலும் சரி, கேமராவோடு உங்கள் சபையின் இதழாசிரியரே வந்தாலும் சரி.

தானாகச் சொல்ல வரும் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை. கேட்க வேண்டும். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. உளவியல் முதலுதவி கற்பிப்பதும் ஏறக்குறைய இதுவே: பார்த்துக்கொள், கேட்டுக்கொள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. 'எல்லாம் கடவுள் சித்தம்', 'அவனாவது பிழைத்தானே', 'எனக்கும் இப்படித்தான்' என்ற மூன்று வாக்கியங்களையும் புறப்படும் முன்னரே உங்கள் ஆட்கள் மறந்துவிட வேண்டும்.

இனி பள்ளி நாள். குணமாக்கும் வேலையில் பெரும்பகுதி நடப்பது இங்கேதான்.

முதலில் மணி. பல பள்ளிகளில் மரக்கிளையில் தொங்கும் லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையத்தையோ காலியான ஷெல் உறையையோ கம்பியால் அடிக்கிறார்கள். வேறு கிடைக்காததால் செய்வது. ஆனால் எச்சரிக்கைக்காக அதே இரும்பு அடிக்கப்பட்ட ஊரில் அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு வகுப்பே மேசைக்கு அடியில் போகும். கைமணியோ மரத்தட்டோ சிறு முரசோ வாங்க அதிகச் செலவாகாது. எது வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். முதல் வாரம் அடிப்பதற்கு முன் 'இப்போது மணி அடிக்கப்போகிறேன்' என்று சொல்லிவிட்டு அடியுங்கள். திருநாளுக்கு வெடி வெடிப்பதை அந்த ஊரில் சில ஆண்டுகளுக்கு அடியோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது, நாளை என்ன நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பது. எதுவுமே நிச்சயமில்லாமல் வாழ்ந்த பிள்ளைக்கு, எட்டரைக்குச் செபம், பிறகு வருகைப் பதிவு, பிறகு வாசிப்பு, பத்தரைக்குக் கஞ்சி என்று நாள் தவறாமல் நடக்கும் அட்டவணையே பெரிய மருந்து. அது சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படமாக இருக்க வேண்டும். மாறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு வகுப்புக்கு ஒரே ஆசிரியர் இருந்தால் நல்லது. பாதி ஆண்டில் ஆசிரியர் மாறுவது, ஏற்கெனவே ஆட்களை இழந்த பிள்ளைக்கு இன்னோர் இழப்பு. வகுப்பறையில் கதவு கண்ணுக்குத் தெரியும்படி உட்கார விரும்பும் பிள்ளைகளை அங்கேயே உட்கார விடுங்கள். பாடம் பதினைந்து நிமிடத் துண்டுகளாக இருக்கட்டும். தூக்கமில்லாத மூளைக்கு நாற்பது நிமிடம் கவனிக்க முடியாது. பிரம்பு கூடவே கூடாது. அடித்து வளர்ந்த ஆசிரியர்கள் இதை எளிதில் ஏற்கமாட்டார்கள். அதனால்தான் ஒருநாள் அறிவுரை போதாது, உடனிருந்து பழக்க வேண்டும் என்கிறோம்.

வகுப்பு நடுவே ஒரு பிள்ளை உறைந்து போனால் ஆசிரியர் என்ன செய்வது? பின்னாலிருந்து தொடக் கூடாது. முன்னால் வந்து, பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'இது பள்ளிக்கூடம், இன்று செவ்வாய், நான் உன் டீச்சர்' என்று மெல்லச் சொல்ல வேண்டும். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தச் சொல்லி, அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்ல வைத்து, மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்ல வேண்டும். பிறகு தண்ணீர், பக்கத்தில் ஒரு தோழி அல்லது தோழன். வெளியே தனியாக அனுப்பக் கூடாது, 'என்ன நினைவு வந்தது?' என்று கேட்கவும் கூடாது. ஐந்து நிமிடத்தில் பாடம் தொடரலாம். இதை எந்த ஆசிரியரும் கற்றுக்கொள்ளலாம். ஒருமுறை சொன்னால் மறந்துவிடும். மாதம் ஒருமுறை நடித்துப் பார்த்துப் பழகினால்தான் தேவையான நேரத்தில் கைகொடுக்கும்.

கழிப்பறையைப் பற்றிப் பேசாமல் பெண்கல்வி பற்றிப் பேசுவது வீண். மனிதாபிமானப் பணிக்கான ஸ்ஃபியர் கையேடு, பள்ளிகளுக்கு மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர், 30 பெண்களுக்கு ஒரு கழிப்பறை, 60 ஆண்களுக்கு ஒரு கழிப்பறை என்று கணக்கு வைக்கிறது. 300 பிள்ளைகள் என்றால் குடிக்கவும் கைகழுவவும் மட்டும் 900 லிட்டர். தொட்டி கட்டும்போது இந்தக் கணக்கைப் போட்டவர்கள் குறைவு. பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும், அது ஆண்கள் பக்கத்திலிருந்து தள்ளி, ஆனால் ஆசிரியர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். படைவீரர்களால் சிதைக்கப்பட்ட ஊரில் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குள் எந்தப் பெண்பிள்ளையும் போகமாட்டாள். மாதத்தில் ஐந்து நாள் வரமாட்டாள், அப்புறம் வரவே மாட்டாள்.

பதினான்கு வயதில் இரண்டாம் வகுப்புப் பாடம் படிக்க வேண்டிய பிள்ளைகள் ஒவ்வொரு போர்ப் பகுதியிலும் இருக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தைகளோடு சின்ன பெஞ்சில் உட்கார வைத்தால் வெட்கப்பட்டே ஓடிவிடுவார்கள். தனி வகுப்பு, இரண்டாண்டுப் பாடம் ஓராண்டில், பிற்பகல் நேரம், அளவான பெஞ்சு. ஆயுதக் குழுவில் இருந்து திரும்பிய பையன்களும் இந்த வகுப்பில்தான் இருப்பார்கள். அவர்களை மட்டும் தனிக் குழுவாக்காதீர்கள்; பழைய தளபதி யார், சிப்பாய் யார் என்ற வரிசை அப்படியே தொடரும், ஊரும் அவர்களை முத்திரை குத்திவிடும். வகுப்புத் தலைவர் பதவி கொடுத்துத் திருத்தலாம் என்று நல்லெண்ணத்தோடு சிலர் முயல்வதுண்டு. பிறரை அதட்டும் அதிகாரம் வேண்டாம். தண்ணீர் வடிகட்டியைக் கழுவி நிரப்புவது, விதைப் பாத்தியைப் பார்த்துக்கொள்வது போல, எல்லோரும் நம்பியிருக்கும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்.

குழந்தையோடு திரும்பும் பெண்பிள்ளைகள் வேறு. வடக்கு உகாண்டாவில் அபோக்கே நகரின் புனித மரியா கல்லூரியிலிருந்து 1996 அக்டோபரில் கிளர்ச்சிப் படை 139 மாணவியரைக் கடத்திச் சென்றது. அருட்சகோதரி ராக்கேலே ஃபாசேரா காட்டுக்குள் பின்தொடர்ந்து போய் 109 பேரை மீட்டு வந்தார். முப்பது பேரை விட மறுத்துவிட்டார்கள். அந்தப் போரில் அப்படிச் சிக்கிய பெண்களில் பலர் பல ஆண்டுகள் கழித்துக் கைக்குழந்தையோடுதான் திரும்பினார்கள். 'தாயானவளுக்குப் பள்ளியில் இடமில்லை' என்ற விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? அதே வடக்கு உகாண்டாவின் குலு நகரில் அருட்சகோதரி ரோஸ்மேரி நியிரும்பே நடத்திய புனித மோனிக்கா தையல் பள்ளி அவர்களைக் குழந்தையோடு சேர்த்துக்கொண்டது. தாய் தையலும் சமையலும் கற்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருந்தார்கள். உங்கள் பள்ளி விதிப் புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு விதியைப் பாருங்கள். இருந்தால் அடித்துவிடுங்கள்.

ஆசிரியர்களைப் பற்றி. அவர்களும் பிணம் புதைத்தவர்கள்தான். பிள்ளைகளின் காயத்தை ஆற்று என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, நான்கு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைக்கிறோம். சம்பளம் தாமதமானால் நல்ல ஆசிரியர்தான் முதலில் போவார். தொண்டு நிறுவனத்தில் ஓட்டுநர் வேலைக்கு இரண்டு மடங்கு கிடைக்கும். ஆறு மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் இருப்பு வைக்காமல் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டாதீர்கள். ஒரே பகுதியில் வேலை செய்யும் சபைகளும் அமைப்புகளும் ஊக்கத்தொகையை ஒரே அளவில் வைக்கப் பேசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பணமுள்ள பள்ளி ஏழைப் பள்ளியின் ஆசிரியரை இழுத்துக்கொள்ளும், மொத்தத்தில் ஊருக்கு ஒரு ஆசிரியர்கூடக் கூடியிருக்கமாட்டார்.

ஆப்பிரிக்காவில் பணியாற்றிய இத்தாலிய மறைபரப்பாளர் தானியேலே கொம்போனி 1864-இல் எழுதிய திட்டம் ஆப்பிரிக்காவை ஆப்பிரிக்கர்களைக் கொண்டே மீட்பது. அதை இன்று கண்ணெதிரே காட்டுவது தென் சூடான். ஆயர்களின் அழைப்பை ஏற்று 2008 முதல் பல சபைகளின் உறுப்பினர்கள் ஒரே வீட்டில் கூடி வாழ்ந்து, யாம்பியோவில் ஆசிரியர்களையும் வாவ் நகரில் செவிலியர்களையும் மருத்துவச்சிகளையும் உருவாக்குகிறார்கள். வெவ்வேறு இனத்தவர், ஒருவரையொருவர் கொன்ற குழுக்களின் பிள்ளைகள், ஒரே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். சேர்ந்து சமைத்து, சேர்ந்து தண்ணீர் இறைத்து வாழ்வதும் அந்தப் படிப்பில் சேர்த்தி. 2013 டிசம்பரில் மூண்ட போரில் மலாக்காலில் இருந்த பயிற்சிக் கல்லூரி சூறையாடப்பட்டு அழிந்தது. பணி நிற்கவில்லை, யாம்பியோவில் தொடர்ந்தது. சபைகள் தனித்தனியாக வீடு எடுத்திருந்தால் மலாக்காலோடு முடிந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

மருந்தகத்தில் இருந்து ஒரே ஒரு விஷயம், ஆனால் இதில் உயிர் போகிறது. வலிப்பு. போர்ப் பகுதிகளில் தலைக்காயம், மலேரியாக் காய்ச்சல், மருத்துவமில்லாப் பிரசவம் எல்லாம் சேர்ந்து வலிப்பு நோயைப் பெருக்குகின்றன. விழுந்து நுரை தள்ளும் பிள்ளையைப் பேய் பிடித்தது என்று முதலில் கொண்டுவருவது மருந்தகத்துக்கு அல்ல, பங்குத்தந்தையிடம். வடக்கு உகாண்டாவிலும் தென் சூடானிலும் பரவிய தலையாட்ட நோயில், உணவைக் கண்டதும் பிள்ளையின் தலை முன்னோக்கித் தொங்கித் தொங்கி விழும். ஆவிகளின் வேலை என்று பல குடும்பங்கள் நம்பின. வலிப்பு மாத்திரை தவறாமல் கிடைத்தபோது பலருக்கு வலிப்பு குறைந்தது. குருவானவர் தலையில் கைவைத்துச் செபிக்கட்டும், மறுக்கவில்லை. செபித்த கையோடு அன்றே மருந்தகத்துக்கு அழைத்துப் போகட்டும். செபம் முடிந்ததும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிற வேதியர் இருந்தால் அவரைத் தனியே உட்கார வைத்துச் சொல்லுங்கள்: மாத்திரை திடீரென்று நின்றால் வலிப்பு விடாமல் தொடர்ந்து பிள்ளை சாகக்கூடும். மருந்தகமும் மூன்று மாத இருப்பு இல்லாமல் வலிப்பு மருந்தைத் தொடங்கக் கூடாது. மழைக்காலத்தில் சாலை மூடும், சோதனைச் சாவடி மூடும், மருந்து வராது. சிறப்பு மருத்துவர் இல்லாத இடத்தில் பொதுச் செவிலியரே வலிப்பு, மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகியவற்றைக் கண்டறிந்து தொடங்கி வைக்க, உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் 2015-இல் கையேடு வெளியிட்டிருக்கின்றன. பயிற்சி சில நாளில் முடிந்துவிடும். மாதாமாதம் ஒரு மூத்தவர் வந்து நோயாளிகளோடு சேர்த்துப் பார்த்துத் திருத்தாவிட்டால் ஆறே மாதத்தில் பழைய பாராசிட்டமாலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணோ பிள்ளையோ வந்தால் மணிக்கணக்கு முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். 'ஞாயிறு சாமியாரிடம் பேசிவிட்டு முடிவெடுப்போம்' என்றால் நேரம் கடந்துவிடும். இதையொட்டி ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றிக் குருக்களுக்கு ஒன்று: பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் நீங்கள் அதை வெளியே சொல்ல முடியாது, முத்திரை முத்திரைதான். ஆகவே அங்கேயே அந்தப் பிள்ளையிடம், இது உன் பாவமே அல்ல என்று சொல்லுங்கள். சிற்றறையை விட்டு வெளியே வந்து இன்ன சகோதரியிடம் இதைச் சொல் என்று பெயர் சொல்லி ஊக்கப்படுத்துங்கள். அந்தச் சகோதரி யார் என்பது முன்பே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குற்றம் செய்தவர் நம் வீட்டவராகவே இருந்தாலும் புகாரை வாங்கிக்கொள்ள நிலையான ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்பது 2019-இலிருந்து திருத்தந்தையின் ஆணை.

விசுவாசத்துக்கு வருகிறோம். எங்களில் யாரும் அதை மறைத்து வைக்கச் சொல்லவில்லை. ஆனால் கஞ்சியையும் கட்டிலையும் திருமுழுக்கோடு முடிச்சுப் போடக் கூடாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் மறைபரப்புப் பணி பற்றிய ஏட்டின் 13-ஆம் எண்ணில், யாரையும் வற்புறுத்தியோ தகாத வழிகளில் ஈர்த்தோ விசுவாசத்துக்குக் கொண்டுவருவதைக் கண்டிப்பாகத் தடுக்கிறது. அன்புப்பணி மதமாற்றத்துக்கான கருவியல்ல என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் தம் முதல் சுற்றுமடலில் எழுதினார். விதி தெளிவாகவே இருக்கிறது. சறுக்குவது சின்ன இடங்களில். மறைக்கல்விக்கு வராத பிள்ளைக்குப் புத்தகப்பை கடைசியில் கிடைப்பது, முஸ்லிம் பிள்ளை காலைச் செபத்தின்போது வெளியே வெயிலில் நிற்க வேண்டியிருப்பது. இந்தச் சின்ன இடங்களை ஊர் கூர்ந்து பார்க்கிறது.

நம்மிடம் இருக்கும் மருந்துகளில் நாம் அதிகம் பயன்படுத்தாதது புலம்பல். பாடல் புத்தகத்தைப் புரட்டினால் பாதிக்கு மேல் மகிழ்ச்சிப் பாட்டு. 88-ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றும் இல்லை. எரேமியா நூலில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, ஆறுதல் பெற மறுக்கிறாள். இவற்றை அவர்களின் தாய்மொழியில், அவர்களின் ஒப்பாரி ராகத்திலேயே பாட விடுங்கள். கடவுளிடம் கோபித்துக்கொள்ளத் திருமறையிலேயே இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் மறைக்கல்வியில் அதட்டப்பட்ட அந்தப் பிள்ளை மறுபடி வாயைத் திறக்கும்.

நவம்பர் 2 இறந்தோர் நினைவுநாளில் பெயர் வாசிக்கும்போது பட்டியல் இரண்டாக இருக்கட்டும்: இறந்தவர்கள் ஒன்று, காணாமல் போனவர்கள் ஒன்று. காணாமல் போனவரின் தாயைக் கேட்காமல் அவர் பெயரை இறந்தோர் வரிசையில் வாசித்துவிடாதீர்கள். அவளைப் பொறுத்தவரை அது மகனைக் கொன்றதற்குச் சமம். பள்ளிப் பதிவேட்டிலும் அதே: பெயரை அடிக்க வேண்டாம், பக்கத்தில் தேதி போட்டு 'செய்தி இல்லை' என்று எழுதுங்கள்.

மன்னிப்பை அவசரப்படுத்தாதீர்கள். கொன்றவனும் இழந்தவளும் ஒரே பலிபீடத்தின் முன் கைகுலுக்கும் நிழற்படம் நன்கொடை இதழ்களில் அழகாகத்தான் இருக்கும். அவள் நிலம் இன்னும் அவன் கையில் இருந்தால் அந்தக் கைகுலுக்கல் இன்னோர் அவமானம். உண்மை, நிலம், இழப்பீடு, பாதுகாப்பு ஆகியவை நகராமல் மன்னிப்பு மட்டும் நகராது. நற்செய்தி மன்னிக்கச் சொல்கிறது. எந்த மாதத்துக்குள் என்று சொல்லவில்லை.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ருவாண்டாவில் ஹுட்டு, துத்சி என்று பிள்ளைகளைப் பிரித்து வளர்த்ததில் மறைபரப்புப் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. 1994 ஏப்ரலில், துத்சி மக்கள் மீதான இனப்படுகொலையின்போது, நியாங்கே ஆலயத்தில் தஞ்சம் புகுந்த மக்கள் உள்ளே இருக்கும்போதே அந்த ஆலயம் புல்டோசரால் இடிக்கப்பட்டது. அங்கிருந்த குருவானவருக்கே சர்வதேசத் தீர்ப்பாயம் 2008-இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017 மார்ச்சில் திருச்சபையின் பாவங்களுக்கும் அதன் உறுப்பினர்களின் பாவங்களுக்கும் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார். அதே நியாங்கேயில், 1997 மார்ச் 18 இரவு, ஓர் இடைநிலைப் பள்ளிக்குள் ஆயுததாரிகள் நுழைந்து, ஹுட்டு ஒருபக்கம் துத்சி ஒருபக்கம் பிரிந்து நில்லுங்கள் என்றார்கள். மாணவர்கள் பிரியவில்லை. சுட்டார்கள், சிலர் இறந்தார்கள். இந்த இரண்டும் ஒரே ஊரில் நடந்தவை. உங்கள் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் இனம் கேட்கும் கட்டம் இருந்தால் அரசு கட்டாயப்படுத்தினால் ஒழிய எடுத்துவிடுங்கள். கட்டாயமென்றால் அந்தத் தாள் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். கொலைகாரர் கையில் கிடைத்தால் அது கொலைப் பட்டியல்.

பாதுகாப்பில் ஒரே விதி: வேலிக்குள் ஆயுதம் வரக் கூடாது, எந்தச் சீருடையில் வந்தாலும். 2015-இல் ஓஸ்லோவில் தொடங்கிய பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனத்தில் உங்கள் நாடு கையெழுத்திட்டிருந்தால் அதன் நகலை வாசலில் வைத்துப் பேசுங்கள். ஒரு தரப்பின் படைத்தளபதி வந்து காயமுற்றவனை ஒப்படை என்று கேட்பான், மறுதரப்பும் கேட்கும். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் போசெம்ப்தெலேயில் 2014-இல் கமில்லியன் சபைக் குரு பெர்னார்ட் கின்வி தம் மருத்துவமனையில் இரு தரப்பு வீரர்களுக்கும் மருத்துவம் செய்தார். முஸ்லிம்கள் வேட்டையாடப்பட்டபோது அவர்களுக்குத் தம் வளாகத்தில் அடைக்கலம் கொடுத்தார். ஊர் அவரை நம்பியதற்கு அவர் முன்பே எல்லோருக்கும் மருந்து கொடுத்திருந்ததே காரணம். ஆனால் நம்பிக்கை குண்டைத் தடுக்காது. தென் சூடானின் யேய் நகரில் மருத்துவராக இருந்த ஸ்லோவாக்கிய சகோதரி வெரோனிகா ராட்ஸ்கோவா 2016 மே மாதம் பிரசவத்துக்குக் கஷ்டப்பட்ட பெண்ணை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு ஆம்புலன்ஸில் திரும்பும் வழியில் சுடப்பட்டு, நாலு நாளில் இறந்தார். இரவுப் பயணத்துக்கு எழுத்துபூர்வ விதி, யாருக்குத் தகவல் சொல்லிவிட்டுப் புறப்படுவது, எந்நிலையில் வெளியேறுவது, யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் ஆளனுப்பும் முன்பே உங்கள் மேசையில் தயாராக இருக்க வேண்டும்.

தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு குலுவின் லாக்கோர் மருத்துவமனை. கொம்போனி சபை 1959-இல் தொடங்கியது. 1961-இல் வந்த பொதுநிலையினரான மருத்துவத் தம்பதி பியேரோ கோர்த்தியும் லூசில் டீஸ்டேலும் வாழ்நாளையே அங்கே கழித்தார்கள். போர் உச்சத்தில் இருந்தபோது கடத்தலுக்கு அஞ்சிய ஆயிரக்கணக்கான பெண்களும் பிள்ளைகளும் இரவுதோறும் அந்த வளாகத்துக்குள் வந்து படுத்தார்கள். 2000-இல் எபோலா வந்தபோது பொறுப்பில் இருந்து போராடி, அந்நோயாலேயே டிசம்பர் 5-இல் இறந்த மத்தேயு லுக்வியா அதே மண்ணின் மைந்தர், பயிற்சி மருத்துவராக அங்கே வந்து உருவானவர். மூன்றாண்டுத் திட்டத்தில் ஒரு லுக்வியா உருவாகமாட்டார்.

ஆகவே கேட்கிறோம். முதல் ஆண்டு முழுக்க மொழி கற்க விடுங்கள், பொறுப்பு எதுவும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பிள்ளையின் துக்கத்தைக் கேட்க முடியாது. பத்தாண்டுக்குக் குறையாத நியமனம் கொடுங்கள். ஆண்டுக்கு ஆறு வாரம் போர்ப் பகுதிக்கு வெளியே ஓய்வும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சபைக்கு வெளியே உள்ள ஒருவரோடு மனம்விட்டுப் பேசும் வாய்ப்பும் கட்டாயமாக்குங்கள். கேட்டுத்தான் பெற வேண்டும் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், அது பலவீனமென்று நம் குருமடங்களில் பழக்கிவிட்டோம். ஐந்தாம் ஆண்டுக்குள் உள்ளூர் துணைத் தலைமையாசிரியரும் துணை மருந்தகப் பொறுப்பாளரும் காசோலையில் கையெழுத்திடும் நிலைக்கு வர வேண்டும். மலர்மாலை போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, கையெழுத்து அதிகாரத்தைத் தலைமையகத்தில் வைத்துக்கொள்வது ஒப்படைப்பு ஆகாது.

அடுத்த மாற்றல் பட்டியல் விரைவில் உங்கள் முன் வரும். அதில் போர்ப் பகுதிப் பள்ளியில் மூன்றாம் ஆண்டை முடிக்கும் சகோதரி ஒருவரின் பெயரும் இருக்கும். அவர் இப்போதுதான் அந்த மொழியில் நகைச்சுவையைப் புரிந்துகொள்ளத் தொடங்கியிருப்பார். அவர் வகுப்பில் இரண்டு ஆண்டுகளாகப் பேசாதிருந்த பிள்ளை போன மாதம்தான் தன் பெயரைச் சொல்லியிருக்கும். அந்தச் சகோதரியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
போர்ப் பகுதிப் பள்ளிகள், மருந்தகங்கள், பங்குகளில் பணியாற்றுவோர்